குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை

என் மகளின் கழுத்தில் ஓர் ஓட்டை இருந்ததை மருத்துவிச்சிதான் முதலில் கண்டாள். பிறந்த மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள், நாடியை மெல்ல நிமிர்த்திப் பார்த்துவிட்டு என்னையும் கிட்ட வரச் சொன்னாள். வலப்பக்கம், தோள் எலும்புக்குச் சற்று மேலே, குண்டூசியால் குத்தியது போல ஒரு புள்ளி. அதன் மேல்பக்கத்தை விரலால் வழித்தபோது எச்சில் மாதிரி ஒரு துளி வந்து நின்றது. பயப்பட ஒன்றுமில்லை என்று கையால் காட்டினாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. லண்டனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். இவர், அதாவது என் கணவர், பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. இவருடைய அண்ணர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் எல்லோருக்கும் முந்தி வந்தவர் என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவற்றைப் பற்றியும் அவரே முடிவு சொல்லுவார்.

குரோய்டனுக்கு அகதி விசாரணைக்குப் போகிற பெடியங்கள் எல்லாம் முதல்நாள் அத்தான் வீட்டுக்கு வந்து போவார்கள். என்ன கேட்பான், என்ன சொல்ல வேண்டும் என்று உட்கார்த்திவைத்துப் பழக்குவார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கூட ஒரு வசனம் சொன்னாலும் அதில பிடிச்சுக்கொள்ளுவான். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் முந்திச் சொன்னதுதான், மாத்தக் கூடாது." அந்தப் பழக்கத்தால் பலர் தப்பினார்கள், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குரோய்டனோடு விட்டிருக்க வேண்டியதை இவர்கள் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார்கள். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிற வெள்ளைக்காரன் கவுன்சிலில் இருந்தால் என்ன, ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன, இவர்களுக்கு அவன் குரோய்டன்காரன்தான்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். பிள்ளையைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். கட்டிலில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்திலேயே பேனாவால் ஒரு கழுத்தைக் கீறிக் காட்டினார். கருவில் கழுத்து உருவாகும்போது அது மடிப்பும் இடுக்குமாக இருக்குமாம். பிறகு அந்த இடுக்குகள் தாமாகவே மூடிவிடுமாம். இவளுக்கு ஒன்று மூடாமல் விட்டுப்போய், ஒரு மெல்லிய குழாயாக நின்றுவிட்டது. அது வெளி ஓட்டையில் தொடங்கி, மூளைக்கும் முகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்களுக்கும் நடுவே புகுந்து, உள்நாக்குப் பக்கம் வரைக்கும் போகும். கிருமி புகுவதற்கு முன்னர் எடுத்துவிட்டால் வேலை சுத்தமாக முடியும். புகுந்துவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். நாக்கை அசைக்கிற நரம்பு பக்கத்தாலேதான் போகிறது. பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஆறேழு மாதத்தில் செய்வோம் என்றார். இதையெல்லாம் இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

பிறகு டொக்டர் பிள்ளையின் காதுகளைப் பார்த்தார். வலக்காதுக்கு முன்னால், முடி தொடங்குகிற இடத்தில், இன்னொரு சின்னக் குழி. நான் அதைக் கவனித்தே இருக்கவில்லை. அதை விரலால் தடவிவிட்டு இவரிடம் ஏதோ கேட்டார். 'பமிலி' என்ற சொல் எனக்கு விளங்கியது. இவர் உடனே, "நோ. நோபொடி" என்றார். டொக்டர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, காதைத் தொட்டுக் காட்டி, இரண்டாம் தரமும் ஆறுதலாகக் கேட்டார். இவர் இரண்டாம் தரமும் அதையே சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, "என்ன கேட்டவர்?" என்றேன்.

"சும்மா. வழமையாக் கேக்கிறதுதான்."

அந்த நாட்களில் இவருடைய தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அத்தான் வீட்டில் இருந்தாள். எனக்கு மச்சாள் முறை, என்னைவிட ஒரு வயது குறைவு. மாப்பிள்ளை பார்க்கிங் என்ற ஊரில் கணக்காளர், சொந்த வீடு, ஒற்றைப் பிள்ளை. மச்சாளைப் பற்றி அத்தான் அந்த வீட்டில் சொன்ன முதல் பெருமையே, அவளுக்கு எதிர்த்து வாய்காட்டத் தெரியாது என்பதுதான். உண்மைதான். சபையில் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டுவாள். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அவள் மேல் கொஞ்சம் பொறாமை இருந்தது.

சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தார்கள். அத்தான் வந்து கதிரையில் இருந்தார்.

"இஞ்சை பாரும் பிள்ளை, கலியாணம் முடியட்டும். கழுத்தில கட்டோட பிள்ளையைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன ஏதெண்டு கேப்பினம். பிறவிக் குறையெண்டால் பரம்பரையோ எண்டு யோசிப்பினம்."

"டொக்டர் பிந்தக் கூடாதெண்டெல்லோ சொன்னவர்?"

"டொக்டரே எங்கட பெட்டையைக் கட்டப் போறார்?"

இவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் பண்ணித் திகதியை மாற்றுவதற்கு என் சம்மதம் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் இவரிடம் இருந்தது, விசா அத்தானின் வக்கீலிடம் இருந்தது, எனக்கு இருந்தது பிள்ளை மட்டும்.

இரண்டொரு நாளில் மச்சாள் வந்தாள். பிள்ளையை மடியில் கிடத்தி, என் சாந்துக் குப்பியை எடுத்து, தீக்குச்சி நுனியால் அந்த ஓட்டைக்கு மேலே வட்டமாக ஒரு கறுத்தப் பொட்டு வைத்தாள். காய்ந்தபின் அதன் மேல் பவுடரை ஒற்றினாள். ஒரு தடவையில் சரியாக வந்தது, கை நன்றாகப் பழகியிருந்தது. நாவூறு படாமல் இருக்கப் பிள்ளைக்குக் கறுத்தப் பொட்டு வைப்பது ஊர் வழக்கம்தானே. கன்னத்தில் வைக்காமல் கழுத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்களே தவிர, எங்கள் ஆட்களில் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையின் தாய் பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு, "கண் பட்டிடும்தான், இப்பிடி அமைதியான பிள்ளையை நான் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொட்டு தினமும் வைக்கவேண்டியிருந்தது, ஏனென்றால் தினமும் ஆட்கள் வந்தார்கள். ஓட்டை அடைபட்டது. ஒருநாள் காலை பிள்ளையின் கழுத்து எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்துபோயிருந்தது. காய்ச்சல் கொதித்தது. பாலுக்கு வாய் திறக்க ஏலாமல் அழுதாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். கீறிச் சீழ் எடுத்தார்கள். அதே நிபுணர் வந்து பார்த்தார். தோல் மடிப்பில் படிந்திருந்த கறுப்பைப் பஞ்சால் துடைத்து, இது என்ன என்று கேட்டார்.

"ரிலிஜன்" என்றார் இவர், எங்கள் சமய வழக்கமாம்.

இந்த நாட்டில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மரியாதையை நான் அன்று கண்டேன். அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தச் சாமி கழுத்து ஓட்டையைச் சாந்தால் அடைக்கச் சொன்னது என்று நான் கேட்டிருப்பேன்.

கலியாணம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. புண் ஆறி, வடு மட்டும் இழுத்துப் பிடித்தது போல இருந்தது. அதை மறைக்க உயர்ந்த கழுத்துச் சட்டை வாங்கி வந்திருந்தார் அத்தான். கூறைச் சேலை மாற்றுவதற்காக மச்சாளை உள் அறைக்குக் கூட்டிவந்தார்கள். அட்டியலைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும், அது என் வேலை. அவளுக்குப் பின்னால் நின்று, "மச்சாள், கொஞ்சம் குனியுங்கோ" என்றேன். குனியவில்லை. திரும்பவும் சொன்னேன். அசையவில்லை. தோளைத் தொட்டேன், திடுக்கிட்டுத் திரும்பினாள். அட்டியல் என் கையோடு வந்தது.

வியர்வையில் பவுடர் கரைந்திருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், தோள் எலும்புக்குச் சற்று மேலே, குண்டூசியால் குத்தியது போல ஒவ்வொரு புள்ளி. வலப்பக்கத்துப் புள்ளியில் எச்சில் மாதிரி ஒரு துளி நின்றது. நான் அவளுடைய காதோர முடியை ஒதுக்கினேன். அங்கேயும் குழி இருந்தது, இரண்டு பக்கமும்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப்பக்கம் தவில்காரன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி கிணுகிணுத்தது. என் பிள்ளை அறை மூலையில், தள்ளுவண்டியில், வாயைத் திறந்தபடி நிம்மதியாக நித்திரை கொண்டாள். அடுத்த அறையில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் எழும்பி வீரிட்டு அழுதது எனக்குக் கேட்டது. அமைதியான பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஒரு வருஷமாக எல்லோரும் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மச்சாள், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்றாள் அவள். அட்டியலைப் பூட்டிவிட்டேன். கூறையோடு போய் மணவறையில் இருந்தாள். தாலி ஏறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "உங்கட தங்கச்சிக்கு இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் டொக்டரிட்டை இல்லையெண்டனீங்கள்?"

"குடும்ப விசயம் உவங்களுக்கு என்னத்துக்கு? எழுதி வைப்பான். பிறகு எங்கை போய் எங்கை வருமெண்டு ஆருக்குத் தெரியும்?"

உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சொன்னது குரோய்டனுக்குப் போகும், குரோய்டனிலிருந்து பார்க்கிங்குக்கு வரும், மாப்பிள்ளையின் தாய்க்குக் கேட்கும். இவ்வளவு தூரம் போகும் என்று பயந்த மனிதனுக்கு, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்குத் தான் கூப்பிடுவது கேட்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இவர் வாய் திறப்பதற்கு முன் நான் திறந்தேன். கையிலிருந்த அரைகுறை இங்கிலீஷ் எல்லாவற்றையும் கொட்டினேன். இவருடைய தங்கை, கழுத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை, காதில் குழி, காது கேட்காது. டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். இவரைப் பார்த்து, நான் உங்களிடம் இரண்டு முறை கேட்டேனே என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கழுத்து ஓட்டையும் காதுக் குழியும் குடும்பத்தில் ஓடினால் செவியையும் சிறுநீரகத்தையும் உடனே பார்க்க வேண்டுமாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக வந்தால் அவ்வளவு அவசரப்படமாட்டார்களாம். அவர் கேட்டது அதற்காகத்தான்.

சத்திரசிகிச்சை நீண்டுபோனது. முதலில் ஒரு சின்னக் கீறலில் முடிந்திருக்க வேண்டியது, எல்லாம் ஒட்டிப்போயிருந்ததால் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு கீறலாகிவிட்டது. குழாயை முழுதாக எடுத்துவிட்டேன் என்றார். மயக்கம் தெளிந்து பிள்ளை அழுதபோது குனிந்து வாய்க்குள் பார்த்தார். நாக்கு ஒரு பக்கமும் சரியாமல் நேராக வந்தது. அவர் மூச்சு விட்டதைக் கண்டபின்தான், அவரும் பயந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. சிறுநீரகத்திலும் ஒரு பிழையும் இல்லை.

செவிதான் மிஞ்சியது. சத்தம் புகாத ஓர் அறையில் என் மடியில் அவளை இருத்தி, பின்னால் நின்று கிலுக்கினார்கள், மணி அடித்தார்கள், மேளம் தட்டினார்கள். அவள் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் முன்பு ஒரு தரம் இப்படிச் செய்து, திரும்பிப் பார்க்கிறாள், பிழையில்லை என்று அனுப்பியிருந்தார்கள். அன்று அவள் நிழலைக் கண்டு திரும்பியிருக்க வேண்டும். இந்த முறை நிழல் விழாதபடி நின்றார்கள். பரிசோதித்த பெண், இன்னும் முந்தி வந்திருந்தால் எவ்வளவோ நல்லது, சொற்கள் காதுக்குள் போக வேண்டிய காலம் இதுதான் என்றாள்.

வெளியே வந்ததும் இவர், "அப்ப சொல்லியிருந்தால் மட்டும் காது கேட்டிருக்குமே?" என்றார்.

"காதுக்கு மெஷினாவது ஒரு வருஷம் முந்திக் கிடைச்சிருக்கும்" என்றேன். அந்த மனிதனோடு இன்றைக்கும் ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். சமைத்துப் போடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பிழை.

பிள்ளையின் மெஷின்களோடு, அவை வேலை செய்கின்றனவா என்று தாய் கேட்டுப் பார்ப்பதற்காக, டொக்டர்மார் கழுத்தில் போடுகிற குழாய் மாதிரி ஒன்றும் தந்திருந்தார்கள். காலையில் ஒரு மெஷினை அதன் நுனியில் கொளுவி, அதைக் காதில் மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மச்சாள் வந்தாள். ஆறு மாத வயிறு. என்ன அது என்று கண்ணால் கேட்டாள். நான் அதைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன்.

குசினிப் பக்கம் திரும்பி, "அதென்ன, பிரிட்ஜ் சத்தம் போடுமே?" என்றாள்.

"ஓம். எந்த நேரமும் போடும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என் பிள்ளை தரையில் கரண்டியால் தட்டியதைக் கேட்டாள். தெருவில் போன பஸ்ஸைக் கேட்டாள். "மச்சாள், இன்னொருக்காக் கதையுங்கோ" என்றாள். என்ன கதைக்க? அவளுடைய வயிற்றைக் காட்டி, பிள்ளை பிறந்த உடனே கழுத்தையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கோ என்றேன். உடனே அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதையுங்கோ, மச்சாள். பெரியண்ணை என்னைக் கொன்றுபோடுவார்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளை பிறந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தான், அவருடைய மனைவி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய், எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆண் பிள்ளை. மச்சாள் என்னைக் கண்டதும் போர்வையைப் பிள்ளையின் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். நான் போர்வையை விலக்கி நாடியை நிமிர்த்தினேன். இடப்பக்கம் இருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறீர்?" என்றார் அத்தான், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் தாதியைக் கூப்பிட்டேன். அதற்குள் என் இங்கிலீஷும் தேறியிருந்தது. இந்த ஓட்டையைப் பாருங்கள், தாய்க்கு இருக்கிறது, என் மகளுக்கு இருந்தது, இரண்டு பேருக்கும் காது கேட்காது, இன்றைக்கே எழுதுங்கள் என்று அந்த அறைக்கே கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை மனைவியின் முகத்தையும் அத்தானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, வெளியே போகவில்லை. மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து, அவள் பார்க்கக்கூடியதாக முகத்தைத் திருப்பி, "அப்ப ஒரு டொக்டரைப் பாப்பமே?" என்று கேட்டார். அவருடைய தாய் பிள்ளையின் கழுத்தைத் தடவிவிட்டு, இதுக்குத்தானோ இவ்வளவு பாடு என்றார்.

இந்த மனிதருக்குப் பயந்துதான் என் பிள்ளையின் ஒரு வருஷத்தைக் கொடுத்தோம்.

அத்தான் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தினவள் என்று சொல்லித் திரிகிறார். மச்சாளுடைய மகனுக்கு மூன்றாம் மாதமே காதில் மெஷின் ஏறியது. கிருமி புகுவதற்கு முன்னரே அவனுடைய கழுத்தையும் சரி பண்ணிவிட்டார்கள், வடு தேடினால்தான் தெரியுமாம். ஒரு வயது முடிய அம்மா என்றானாம், அதற்கு அத்தான் வீட்டில் சாப்பாடு கொடுத்தார்களாம். எங்களைக் கூப்பிடவில்லை. என் மகள் என்னை அம்மா என்று கூப்பிட்டபோது அவளுக்கு நாலு வயது. பக்கத்தில் நின்ற இவர், பிள்ளை என்ன சொல்லுது என்று என்னிடம் கேட்டார்.